0 எழுதினால் விளக்கு எரிவது ஏன்?

இது கொஞ்சம் நீளமான பதிவு. இப்போது நேரமில்லாதவர்கள் சேமித்து வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை படியுங்கள்.

என் பழைய மாணவர் ஒருவரின் மகள் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படிக்கிறாள். போன வாரம் போனில் கேட்டாள்: "தாத்தா, 8051 போர்டுல 1 எழுதினா எல்.இ.டி. அணையுது, 0 எழுதினா எரியுது. 1ன்னா ஆன், 0ன்னா ஆஃப்னுதானே படிச்சோம்? லேப்ல கேட்டா, 'இந்த போர்டு அப்படித்தான், ரெக்கார்டுல அப்படியே எழுதிக்கோ'ன்னுட்டாங்க."

"அப்படித்தான்" என்ற பதிலை எந்தக் குழந்தைக்கும் சொல்லக் கூடாது என்பது என் கட்சி. உங்களுக்கே தெரியும். ஆசிரியர் பயிற்சி டிப்ளமோ முடித்து, பேட்டரி செல்லையும் டார்ச் பல்பையும் வைத்து மின்சுற்றுப் பாடம் நடத்தியவன் நான். எலக்ட்ரானிக்ஸ் என் துறை இல்லை. ஆனாலும் அந்தப் பிள்ளையின் கேள்விக்கு விடை தேடிப் போனேன். போகப் போக அது ஒரு வரலாற்றுக் கேள்வி என்று தெரிந்தது. அவளுக்குச் சொன்னதை உங்களுக்கும் எழுதுகிறேன்.

முதலில் இந்தத் துறையில் இல்லாத உறவினர்களுக்காக இரண்டு வரி. வாஷிங் மெஷின், டிவி ரிமோட், மைக்ரோவேவ் அடுப்பு இவற்றுக்குள்ளே விரல் நகம் அளவில் ஒரு சின்னக் கணினி இருக்கிறது. அதன் பெயர் மைக்ரோகன்ட்ரோலர். அதன் இரு பக்கமும் பூரான் கால் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் உலோகக் கால்களைப் பின் என்கிறார்கள். நிரலில் 1 என்று எழுதினால் அந்தக் காலில் 5 வோல்ட் அளவுக்கு மின்னழுத்தம் வரும். 0 என்று எழுதினால் மின்னழுத்தம் பூஜ்யத்துக்கு அருகே இறங்கிவிடும். அந்தக் காலில் ஒரு எல்.இ.டி.யைக் கட்டி எரிய வைப்பதுதான் இந்தத் துறையில் எல்லோரும் செய்யும் முதல் பாடம். நமக்கு 'அ' எழுதப் பழகுவது எப்படியோ, அவர்களுக்கு அது அப்படி.

எல்.இ.டி. வயதில் மூத்தது. அதிலிருந்து ஆரம்பிப்போம்.

1907ஆம் ஆண்டு. மார்க்கோனி நிறுவனத்தில் வேலை பார்த்த ஹென்றி ஜோசப் ரவுண்ட் என்ற ஆங்கிலேயர், கார்போரண்டம் என்ற படிகத்தில் சுமார் 10 வோல்ட் கொடுத்துப் பார்த்தார். சாணைக்கல்லில் போடுவார்களே, அதே பொருள். அது மஞ்சளாக ஒளிர்ந்தது. ஒரு பத்திரிகைக்குச் சின்னதாகக் குறிப்பு எழுதி அனுப்பினார். அத்தோடு அவர் வேறு வேலைக்குப் போய்விட்டார்.

அதன் பிறகு 1920களில் ரஷ்யாவில் ஓலெக் லோசெவ் என்ற இளைஞர் வருகிறார். நிஷ்னி நோவ்கொரோத் ரேடியோ ஆய்வுக்கூடத்தில் டெக்னீஷியன். கல்லூரிப் படிப்பை முறையாக முடித்தவர் இல்லை. ரேடியோ படிகங்களில் வரும் அந்த ஒளியைக் கவனித்து, அது சூட்டினால் வருவதில்லை என்று சோதித்துக் காட்டினார். 1927இலிருந்து இதைப் பற்றித் தொடர்ந்து கட்டுரைகள் எழுதினார். 1942இல் ஜெர்மன் படை லெனின்கிராட் நகரை முற்றுகையிட்டிருந்தபோது, சோறு இல்லாமல் அந்த நகரில் செத்துப்போன லட்சக்கணக்கானவர்களில் அவரும் ஒருவர். வயது 38. இன்று நம் வீட்டு ஸ்விட்ச்போர்டில் மினுக்கும் அந்தச் சிவப்புப் புள்ளியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த மனுஷனின் நினைவு வருகிறது.

கண்ணால் பார்க்கக்கூடிய சிவப்பு ஒளி தரும், வேலைக்கு உதவும் எல்.இ.டி.யை 1962இல் செய்தவர் நிக் ஹோலன்யாக். அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் இருந்தார். நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகன். இவருடைய ஆசிரியர் யார் தெரியுமா? டிரான்சிஸ்டரைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான ஜான் பார்டீன். இவருடைய மாணவர் ஜார்ஜ் கிராஃபோர்டுதான் 1972இல் மஞ்சள் எல்.இ.டி.யைக் கொண்டுவந்தார். குரு, சிஷ்யன், சிஷ்யனுக்குச் சிஷ்யன் என்று மூன்று தலைமுறை. வாத்தியார் வேலை பார்த்தவனுக்கு இதைப் படிக்கையில் கொஞ்சம் கர்வம் வரத்தான் செய்கிறது. மன்னித்துவிடுங்கள்.

மான்சாண்டோ நிறுவனம் 1968இல் சிவப்பு எல்.இ.டி.களைப் பெருமளவில் தயாரிக்கத் தொடங்கியது. விலை இறங்க ஆரம்பித்தது.

இப்போது எல்.இ.டி.யின் குணத்தைப் பார்க்க வேண்டும். டார்ச் பல்பும் இதுவும் ஒன்றல்ல. டார்ச் பல்பின் இழை சூடாகச் சூடாக அதன் மின்தடை கூடும்; தன்னைத் தானே கட்டுப்படுத்திக்கொள்ளும். செல்லோடு நேராக இணைத்தால் போதும் என்று நான் வகுப்பில் காட்டியது அதனால்தான். எல்.இ.டி. அப்படியில்லை. சிவப்பு எல்.இ.டி. ஏறக்குறைய 1.8 வோல்ட் வரை வாயே திறக்காது. அதைத் தாண்டியதும் கொஞ்சம் மின்னழுத்தம் கூடினாலே மின்னோட்டம் பல மடங்கு ஏறும். மடை உடைந்த மாதிரி. கட்டுப்படுத்த ஆள் வேண்டும். அந்த ஆள்தான் ரெசிஸ்டர், நம் பாடப்புத்தகத்தில் சொல்லும் மின்தடை.

கணக்கு எட்டாம் வகுப்புக் கணக்குதான். 5 வோல்ட் இருக்கிறது. எல்.இ.டி. 2 வோல்ட்டை எடுத்துக்கொள்கிறது. மீதி 3 வோல்ட் ரெசிஸ்டரின் மேல் விழும். 330 ஓம் போட்டால், 3ஐ 330ஆல் வகுக்க 0.009 ஆம்பியர், அதாவது 9 மில்லிஆம்பியர். அந்தக் காலத்துச் சிவப்பு எல்.இ.டி. பகலில் ஒழுங்காகத் தெரிய 10 முதல் 20 மில்லிஆம்பியர் வரை கேட்டது. இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து சிப்பின் கதை.

1960களின் நடுவில் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் 7400 வரிசை என்ற சிப்புகளைக் கொண்டுவந்தது. டி.டி.எல். என்பார்கள். அந்தக் கால எலக்ட்ரானிக்ஸ் எல்லாம் இந்தச் சிப்புகளைச் செங்கல் மாதிரி அடுக்கிக் கட்டியதுதான். ஒரு சிப்பின் வெளியீட்டுக் கால் அடுத்த சிப்பின் உள்ளீட்டுக் காலோடு பேச வேண்டும். அது ஒன்றுதான் அதன் வேலை. விளக்கு எரிப்பது அதன் வேலைப் பட்டியலிலேயே இல்லை.

அந்த உள்ளீட்டுக் காலுக்கு ஒரு விசித்திர குணம். அதை 1 நிலையில் வைத்திருக்க 40 மைக்ரோஆம்பியர் கொடுத்தால் போதும். ஆனால் 0 நிலைக்கு இறக்க வேண்டுமென்றால் அதிலிருந்து வெளியே வரும் 1.6 மில்லிஆம்பியரை முன்னால் இருக்கும் சிப் உள்வாங்கிக் கொள்ள வேண்டும். நாற்பது மடங்கு வித்தியாசம். ஒரு வெளியீடு பத்து உள்ளீடுகளைத் தாங்க வேண்டும் என்று கணக்குப் போட்டார்கள். உள்வாங்குவதற்குப் பத்து தரம் 1.6, ஆக 16 மில்லிஆம்பியர். வெளியே கொடுப்பதற்குப் பத்து தரம் 40 மைக்ரோ, ஆக 0.4 மில்லிஆம்பியர். 7400 சிப்பின் விவரத்தாளில் இந்த இரண்டு எண்களும் அப்படியே இருக்கின்றன.

இதை நம் ஊர் வழக்கில் சொன்னால், அந்தக் கால் ஏற்றம் இறைப்பதில் நோஞ்சான், மடை திறந்துவிடுவதில் பலசாலி. மேலே குளம் இருக்கிறது, அது 5 வோல்ட். கீழே வடிகால், அது கிரவுண்ட். 1 எழுதி விளக்கை எரிய வைப்பதென்றால் கால் தானே தண்ணீரை இறைத்து ஊற்ற வேண்டும். 0 எழுதி எரிய வைப்பதென்றால் விளக்கைக் குளத்தில் கட்டிவிட்டு, கால் கீழே மடையைத் திறந்தால் போதும். குளத்திலிருந்து தண்ணீர் தானாக விளக்கு வழியாக ஓடி, மடை வழியாக வடிகாலுக்குப் போகும்.

எல்.இ.டி. கேட்பது 10 முதல் 20 மில்லிஆம்பியர். இந்தக் கால் கொடுக்க முடிவது 0.4. வாங்க முடிவது 16. அப்படியென்றால் எந்தப் பக்கம் விளக்கைக் கட்டுவார்கள்? வேறு வழியே இல்லை. எல்.இ.டி.யின் ஒரு முனையை ரெசிஸ்டர் வழியாக 5 வோல்ட்டில் கட்டு, மறுமுனையைக் காலில் கட்டு, 0 வந்தால் எரியும். மைக்ரோகன்ட்ரோலர் பிறப்பதற்கு முன்பே வந்துவிட்ட பழக்கம் இது.

இதற்கு அடியில் ஓர் இயற்கைக் காரணமும் உண்டு. சிலிக்கானுக்குள் மின்னோட்டத்தைச் சுமப்பவை இரண்டு: எலக்ட்ரான், துளை. எலக்ட்ரான் துளையைவிடச் சுமார் மூன்று மடங்கு எளிதாக நகரும். கீழே இழுக்கும் வேலைக்கு எலக்ட்ரான் வகை டிரான்சிஸ்டர் பொருந்தும். மேலே தள்ளும் வேலையை அதே பலத்தோடு துளை வகை செய்ய வேண்டுமென்றால் அதை இரண்டு மூன்று மடங்கு பெரிதாகச் செய்ய வேண்டும். சிப்பில் இடம் என்றால் பணம். சென்னையில் மனை வாங்குகிற மாதிரி.

இதற்கிடையே கால்குலேட்டர் வந்தது. 1972இல் ஹியூலெட் பேக்கர்ட் நிறுவனம் ஹெச்.பி. 35 என்ற சட்டைப்பை கால்குலேட்டரை விற்பனைக்கு விட்டது. விலை 395 டாலர். சிவப்பு எல்.இ.டி. எண்கள். பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடக் கூடாது என்று அவர்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. எண்களைப் பொடியாகச் செய்து, மேலே பூதக்கண்ணாடி மாதிரி சின்னச் சின்ன லென்ஸ் வைத்தார்கள். ரெசிஸ்டரில் மின்சாரம் சூடாக வீணாகிறதே என்று, அதற்குப் பதில் கம்பிச்சுருளில் ஆற்றலைச் சேர்த்து எல்.இ.டி.க்குத் துடிப்பு துடிப்பாகக் கொடுத்தார்கள்.

இன்னொரு உத்தியும் இந்தக் கால்குலேட்டர்களில்தான் பரவியது. எட்டு எண்கள், ஒவ்வொன்றிலும் புள்ளியோடு சேர்த்து எட்டுக் கோடுகள். மொத்தம் 64 எல்.இ.டி. அதற்கு 64 கால் எங்கே போவது? கோடுகளுக்கு எட்டுக் கால், எண்களுக்கு எட்டுக் கால், ஆக 16 போதும். முதல் எண்ணை ஒரு கணம் எரியவிட்டு அணைத்து, இரண்டாவதை எரியவிட்டு அணைத்து, இப்படிச் சுற்றிச் சுற்றி வருவார்கள். வேகமாகச் சுற்றுவதால் நம் கண் ஏமாந்து எல்லாம் சேர்ந்து எரிவதாக நினைத்துக்கொள்ளும். சினிமா பார்ப்பது போலத்தான். எந்தக் கணத்திலும் ஒரே ஓர் எண்தான் எரிகிறது. இன்றைக்குப் பஸ்ஸின் நெற்றியில் ஊர்ப் பெயர் ஓடுகிறதே, அதிலும் இந்தத் தத்துவம்தான். செல்போனில் படம் எடுத்தால் சில எழுத்துகள் காணாமல் போயிருக்கும். கேமரா நம் கண்ணைப் போல ஏமாறுவதில்லை.

முதல் மைக்ரோகன்ட்ரோலர் என்று பொதுவாகச் சொல்லப்படும் டி.எம்.எஸ். 1000 இந்தக் கால்குலேட்டர் குடும்பத்தில்தான் பிறந்தது. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸில் கேரி பூன், மைக்கேல் காக்ரன் ஆகிய இருவரும் 1971இல் செய்த வேலை. 1974இல் வெளியாருக்கு விற்பனைக்கு வந்தது. நினைவகம், கணக்குப் போடும் பகுதி, வெளியுலகோடு பேசும் கால்கள் எல்லாம் ஒரே சிப்பில். 1976இல் மாட்டெல் பொம்மை நிறுவனம் கையடக்கக் கார் பந்தய விளையாட்டு ஒன்றைக் கொண்டுவந்தது. கார் என்பது ஒரு சிவப்பு எல்.இ.டி. கோடு, அவ்வளவுதான். உள்ளே இருந்ததும் கால்குலேட்டர் சிப்தான். மொத்த நிரலும் 512 பைட்டுக்குள் அடங்கியது. இந்தப் பதிவின் ஒரு பத்தியைச் சேமிக்கக்கூட அந்த இடம் பத்தாது.

இனி நம் பிள்ளையின் 8051. இன்டெல் நிறுவனம் 1980இல் வெளியிட்டது. நாற்பத்தைந்து வருஷம் ஆகியும் நம் ஊர்ப் பாடத்திட்டத்தில் உட்கார்ந்திருக்கிறது. அது இருப்பதில் எனக்குக் குறை இல்லை. எளிமையான சிப்பில்தான் அடிப்படை புரியும். ஆனால் அது பிறந்த காலத்தைச் சொல்லாமல் பாடம் நடத்தினால் அதன் குணம் புரியாது.

8051இன் 1, 2, 3 என்று எண்ணிடப்பட்ட போர்ட்டுகளின் கால்களுக்கு இன்டெல் உறுதி சொன்ன அளவைப் பாருங்கள். 0 நிலையில் 1.6 மில்லிஆம்பியர் உள்வாங்கும். 1 நிலையில் 80 மைக்ரோஆம்பியர் கொடுக்கும். அந்த 1.6ஐ எங்கே பார்த்தோம்? டி.டி.எல். சிப்பின் ஒரே ஓர் உள்ளீட்டுக்கு வேண்டிய அளவு அது. அதாவது 8051இன் காலை வடிவமைத்தவர்கள் மனதில் இருந்தது விளக்கே அல்ல. பக்கத்து வீட்டு டி.டி.எல். சிப்போடு பேச ஒரு வாய், அவ்வளவுதான்.

அதிலும் 1 நிலை மிகவும் பலவீனம். அதே காலை உள்ளீடாகவும் பயன்படுத்த வேண்டும் என்பதால், மேலே இழுக்கும் பகுதியை வேண்டுமென்றே மெலிதாக வைத்தார்கள். காலில் 1 எழுதிவிட்டால் அது லேசாக மேலே தூக்கிப் பிடித்திருக்கும். வெளியே ஒரு பட்டன் அதைச் சுலபமாகக் கீழே இழுத்துவிடலாம். சன்னலைத் தாழ்ப்பாள் போடாமல் சும்மா சாத்தி வைப்பது போல. அந்த 80 மைக்ரோஆம்பியரில் எல்.இ.டி.யைக் கட்டினால் இருட்டு அறையில் உற்றுப் பார்த்தால் ஒருவேளை மினுக்கலாம்.

மூன்றாவது காரணமும் ஒன்று உண்டு. 8051க்கு மின்சாரம் கொடுத்ததும், நிரல் ஓடத் தொடங்கும் முன்பே, கால்கள் எல்லாம் 1 நிலைக்குப் போய்விடும். 1 என்றால் இயங்கும்படி கட்டியிருந்தால், ஸ்விட்ச் போட்ட கணத்திலேயே இணைத்திருப்பதெல்லாம் ஓட ஆரம்பிக்கும். எல்.இ.டி. என்றால் பரவாயில்லை. மோட்டாரோ ஹீட்டரோ என்றால்? 0க்கு இயங்கும்படி கட்டுவது பாதுகாப்பு.

இவ்வளவையும் சொன்னதும் அந்தப் பிள்ளை, "அப்போ போர்டு தப்பா செய்யல, தாத்தா, சரியாத்தான் செஞ்சிருக்காங்க" என்றாள். அத்தோடு விடாமல் அடுத்த கேள்வியைப் போட்டாள். "1.6தான் வாங்கும்னா எங்க போர்டுல எப்படி நல்லா எரியுது?"

கெட்டிக்காரி. அவள் லேபில் இருப்பது இன்டெல்லின் பழைய சிப் இல்லை. அட்மெல் நிறுவனத்தின் 89சி51. அதே குணம், பின்னால் வந்த தொழில்நுட்பம். அதன் விவரத்தாளை வாசிக்கச் சொன்னேன். ஒரு காலுக்கு அதிகபட்சம் 10 மில்லிஆம்பியர். ஆனால் போர்ட் 1, 2, 3 ஒவ்வொன்றிலும் எட்டுக் கால்களும் சேர்ந்து 15 மில்லிஆம்பியருக்கு மேல் கூடாது. சிப் முழுவதற்கும் 71. இப்போது கணக்குப் போடு கண்ணு என்றேன். 330 ஓம் வைத்து எட்டு எல்.இ.டி.யையும் ஒரே போர்ட்டில் எரித்தால் ஒன்றுக்கு ஏறக்குறைய 8, எட்டுக்கு 64 மில்லிஆம்பியர் வரும். அனுமதி 15தான். ரெசிஸ்டரை 1500 ஓம் ஆக்கினால் ஒன்றுக்கு 1.7, எட்டுக்குச் சுமார் 14. அடங்கிவிடும். மங்கலாகிவிடாதா என்றாள். அந்தக் காலத்து எல்.இ.டி. என்றால் மங்கியிருக்கும். இன்று கடையில் கிடைப்பது எவ்வளவோ மேல், 1.7 மில்லிஆம்பியரிலேயே மேசை மேல் நன்றாகத் தெரியும். மாற்றிப் போட்டுப் பார்த்துவிட்டு, தெரிகிறது என்று போட்டோ அனுப்பினாள்.

ரொம்பப் பேர் தவறுவது இந்த மொத்தக் கணக்கில்தான் என்று நினைக்கிறேன். ஒரு காலின் எல்லையைப் பார்ப்பார்கள். சிப்பின் எல்லையைப் பார்க்க மாட்டார்கள். கூட்டுக் குடும்பத்தில் ஆளுக்கு ஆள் சிக்கனமாகத்தான் இருக்கிறேன் என்பார்கள். மாதக் கடைசியில் மொத்தப் பில் வரும்போதுதான் தெரியும்.

அதிக மின்னோட்டம் வேண்டுமென்றால் அந்தக் காலத்தில் நடுவில் ஒரு டிரான்சிஸ்டரை வைப்பார்கள். இல்லாவிட்டால் யு.எல்.என். 2003 என்ற சிப். அதில் ஏழு டிரான்சிஸ்டர் ஜோடிகள். இதுவும் மடை திறக்கிற ஜாதிதான், கீழே மட்டும் இழுக்கும். சென்னை ரிச்சி தெருவில் எந்தக் கடையில் கேட்டாலும் பெயர் சொன்னவுடன் எடுத்துக் கொடுப்பார்கள்.

1990களில் நிலைமை மாறியது. சிப் செய்கிறவர்களுக்கு ஒன்று புரிந்தது: வாங்குகிற எல்லோரும் எல்.இ.டி. கட்டத்தான் போகிறார்கள். அட்மெல் தன் இருபது கால் குட்டிச் சிப்பான 89சி2051இன் விவரத்தாளில், எல்.இ.டி.யை நேரடியாக இயக்கலாம் என்பதை ஒரு சிறப்பம்சமாகவே அச்சிட்டது. ஒரு கால் 20 மில்லிஆம்பியர் உள்வாங்கும். மைக்ரோசிப் நிறுவனத்தின் பிக் 16எஃப்84ஏ இரண்டு பக்கமும் 25 வரை தாங்கியது. நார்வேயில் டிரான்ட்ஹைம் நகரில் பொறியியல் மாணவர்களாக இருந்த ஆல்ஃப் எகில் போகன், வேகார்ட் வோலன் என்ற இருவர் யோசித்த ஏ.வி.ஆர். சிப்பை அட்மெல் வெளியிட்டது. அதன் கால்களும் கொடுப்பதிலும் வாங்குவதிலும் ஏறக்குறைய சம பலம். இதற்குப் பிறகுதான் "1 எழுதினால் எரியும்" என்ற ஒழுங்கு பரவலாகச் சாத்தியமானது.

அந்த ஏ.வி.ஆர். சிப்பைத்தான் ஆர்டுயினோவில் வைத்தார்கள். நம் பள்ளிகளில் அடல் டிங்கரிங் லேப் பார்த்தவர்களுக்கு அந்த நீலப் பலகை தெரியும். இத்தாலியில் இவ்ரேயா என்ற ஊரில் ஒரு வடிவமைப்புக் கல்விக்கூடத்தில் 2005இல் உருவானது. எலக்ட்ரானிக்ஸ் தெரியாத கலைஞர்களும் மாணவர்களும் பயன்படுத்த வேண்டும் என்பது நோக்கம். பழைய பலகைகளில் 13ஆம் காலுக்கு மட்டும் ரெசிஸ்டரைப் பலகையிலேயே வைத்துக் கொடுத்தார்கள். எல்.இ.டி.யின் நீளக் காலை 13இல் செருகி, குட்டைக் காலை பக்கத்திலிருந்த கிரவுண்டில் செருகினால் வேலை முடிந்தது. ஒரு விநாடி எரி, ஒரு விநாடி அணை. 'பிளிங்க்' என்று அதற்குப் பெயர்.

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். ஆர்டுயினோவுக்கு அடித்தளம், அதே கல்விக்கூடத்தில் கொலம்பியா நாட்டு மாணவர் எர்னான்டோ பாரகான் தன் முதுகலை ஆய்வுக்காக 2003இல் உருவாக்கிய 'வயரிங்'. உலகம் முழுக்க ஆர்டுயினோ பேர் பரவியது. அவர் பெயர் அந்த அளவுக்குப் பரவவில்லை. பின்னால் 2016இல் அவரே அந்த வரலாற்றை விரிவாக எழுதி வெளியிட்டார். மாணவன் போட்ட அடித்தளத்தின் மேல் வீடு கட்டினால், அவன் பெயரை வாசலில் எழுத வேண்டும். இது என் அபிப்பிராயம்.

ஆர்டுயினோ ஊனோவில் இருக்கும் ஏடிமெகா328 சிப்பின் ஒரு காலுக்கு 40 மில்லிஆம்பியர் என்று எழுதியிருப்பார்கள். பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டு, "40 வரைக்கும் எடுக்கலாம்" என்கிறார்கள். அது தாண்டினால் சிப் கெடும் என்கிற எல்லை. வேலை செய்ய ஏற்ற அளவு 20. மொத்தச் சிப்புக்கும் 200. பாலத்தில் "10 டன்னுக்கு மேல் கூடாது" என்று பலகை இருந்தால், தினமும் 10 டன் ஏற்றிப் போக அழைக்கிறார்கள் என்றா அர்த்தம்?

"ரெசிஸ்டர் இல்லாமலேயே கட்டினேன், எரிகிறதே!" என்று வீடியோ போடுகிறவர்களையும் பார்த்திருப்பீர்கள். எரியும்தான். அங்கே ரெசிஸ்டர் இல்லாமல் இல்லை. சிப்புக்குள் இருக்கும் டிரான்சிஸ்டருக்கே கொஞ்சம் மின்தடை உண்டு. அது தன் உடம்பைக் கொடுத்துத் தாங்குகிறது. சூடாகிறது. இன்று எரியும், நாளையும் எரியும். ஒரு நாள் அந்தக் கால் மட்டும் செத்திருக்கும், காரணம் தெரியாது. சில பைசா பொருளை மிச்சம் பிடித்து, சில நூறு ரூபாய்ப் பலகையைக் கொடுப்பது எந்த ஊர்ச் சிக்கனம்?

கால்களைச் சிக்கனப்படுத்துவதில் ஒரு கெட்டிக்காரத்தனம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். மேக்சிம் நிறுவனத்தில் சார்லி ஆலன் என்பவர் 1995இல் முன்வைத்த முறை. அவர் பெயராலேயே சார்லிபிளெக்சிங் என்கிறார்கள். ஒரு காலுக்கு 1, 0 என்று இரண்டு நிலைதான் என்று நினைக்கிறோம். மூன்றாவதாக, எதுவும் செய்யாமல் ஒதுங்கி நிற்கும் நிலையும் உண்டு. எல்.இ.டி. ஒரு திசையில் மட்டும்தான் மின்சாரத்தை விடும். இந்த இரண்டையும் சேர்த்து யோசித்தால், ஐந்து கால்களில் 20 எல்.இ.டி.களைத் தனித்தனியாக எரிக்கலாம். ஒவ்வொரு ஜோடிக் காலுக்கு நடுவிலும் எதிரெதிர்த் திசையில் இரண்டு எல்.இ.டி.; இரண்டு கால் பேசும்போது மற்ற மூன்றும் வாயை மூடிக்கொள்ள வேண்டும். ஐந்தை நான்கால் பெருக்கினால் இருபது. கணக்கு வாத்தியார்களுக்குப் பிடிக்கும் உத்தி.

நீல எல்.இ.டி. வந்தபோது வேறொரு சிக்கல் வந்தது. அதைச் சாத்தியமாக்கிய அகாசாகி, அமானோ, நகமுரா என்ற மூன்று ஜப்பானிய விஞ்ஞானிகளுக்கு 2014இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் நீலமும் வெள்ளையும் எரிய ஏறக்குறைய 3 வோல்ட் வேண்டும். அதே காலகட்டத்தில் சிப்புகளோ 5 வோல்ட்டிலிருந்து 3.3 வோல்ட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தன. 3.3இல் 3 போனால் மீதி 0.3. ரெசிஸ்டர் கட்டுப்படுத்துவதற்கு அங்கே இடமே இல்லை. எல்.இ.டி.க்கு எல்.இ.டி. கொஞ்சம் மாறினாலும் ஒன்று பளிச்சென்று எரியும், ஒன்று மங்கும். சிவப்பு எரிந்த இடத்தில் நீலத்தை மாற்றிப் போட்டு, சரியாக எரியவில்லையே என்று குழம்புகிறவர்களுக்கு விடை இதுதான்.

0க்கு எரியும் பழக்கம் அழிந்துவிட்டதா என்றால், இல்லை. மாணவர்கள் இன்று மலிவாக வாங்கும் 'புளூ பில்' என்ற நீலப் பலகையில் எஸ்.டி.எம்.32 சிப் இருக்கிறது. அதில் எல்.இ.டி. இணைந்திருக்கும் காலின் பெயர் பிசி13. அந்தக் கால் 3 மில்லிஆம்பியர் உள்வாங்கலாம், எல்.இ.டி.க்கு மின்சாரம் கொடுக்கும் வேலைக்கு அதைப் பயன்படுத்தக் கூடாது என்று விவரத்தாளே சொல்கிறது. அதனால் 0 எழுதினால்தான் எரியும். வைஃபை வேலைக்கு எல்லோரும் வாங்கும் இ.எஸ்.பி. 8266இலும் அப்படித்தான். அதன் நீல எல்.இ.டி. இருக்கும் இரண்டாம் எண் கால், சிப் விழிக்கும் நேரத்தில் 1 நிலையில் இருக்க வேண்டும், எல்.இ.டி.யை மேலே கட்டினால் அதற்கு இடைஞ்சல் இல்லை. இரண்டு பலகையிலும் அப்படிக் கட்டியதற்குக் காரணம் வேறு வேறு. ஆனால் வாங்கிய பிள்ளை நிரலில் 1 எழுதிவிட்டு, "பலகை கெட்டுப்போச்சு" என்று திருப்பிக் கொடுக்கப் போகிறது.

கடைசியாக, இப்போது கல்யாண மண்டபங்களிலும் கோயில் திருவிழாக்களிலும் நிறம் மாறி மாறி ஓடுகிறதே எல்.இ.டி. பட்டை, அதைப் பற்றி. அதில் பல ரகங்கள் உண்டு. அவற்றில் ஒன்று டபிள்யூ.எஸ். 2812 என்ற வகை. ஒவ்வொரு எல்.இ.டி.க்குள்ளும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றோடு ஒரு பொடிச் சிப்பும் சேர்ந்தே இருக்கிறது. மைக்ரோகன்ட்ரோலர் ஒரே ஒரு காலில் 0, 1 என்று சேதி அனுப்புகிறது. விளக்கு ஒன்றுக்கு 24. முதல் விளக்கு தன் பங்கை எடுத்துக்கொண்டு மீதியை அடுத்த விளக்குக்குத் தள்ளிவிடுகிறது. பந்தியில் இலைக்கு இலை வாளி நகர்கிற மாதிரி. முழு வெள்ளையில் ஒவ்வொரு விளக்கும் 60 மில்லிஆம்பியர் வரை குடிக்கும், ஆனால் அது பவர் சப்ளையிலிருந்து நேராகப் போகிறது. காலில் ஓடுவது சேதி மட்டும். 1980இல் இன்டெல்காரர்கள் அந்தக் காலைச் செய்தது எதற்கோ, அதே வேலைக்கு அது திரும்பிவிட்டது. அந்தச் சேதிக் கம்பியிலும் 300 முதல் 500 ஓம் வரை ஒரு ரெசிஸ்டர் போடச் சொல்கிறார்கள். அது மின்னோட்டத்தைக் குறைக்க இல்லை. வேகமாக மாறும் சேதி, கம்பியின் முனையில் மோதித் திரும்பி முதல் விளக்கைக் கெடுத்துவிடாமல் இருக்க.